தேய்த்தால் தரம் ஏறாது

"நாணயத்தைத் தரம் பார்க்க அனுப்பும் முன் பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கூடுதல் தர எண் கிடைக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். நடப்பது நேர் எதிர்.

அச்சடிக்கும்போது உலோகம் அழுத்தத்தில் பரவி, மேற்பரப்பில் மிக நுண்ணிய கோடுகள் உண்டாகின்றன. விளக்கடியில் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால் ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றி வருமே, அது அந்தக் கோடுகளால்தான். பற்பசையில் உள்ள உராய்வுத் துகள் அவற்றை அழித்து மயிரிழைக் கீறல்களை விட்டுவிடும். அப்புறம் அந்த ஒளி திரும்பவே வராது. நாணயத்தின் தரத்தை எண்ணால் குறிக்கும் ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை. புழங்காத நாணயங்களுக்கு 60இலிருந்து மேலே. ஆனால் இப்படித் தேய்த்த நாணயத்துக்குப் பெரிய தர நிர்ணய நிறுவனங்கள் வழக்கமாக எண்ணே தருவதில்லை, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறித்துவிடுவார்கள்.

வெள்ளியில் காலப்போக்கில் படியும் கருமை அழுக்கு அல்ல. அதை நான் அழகு என்றே சொல்வேன். நாணயம் போட்டுவைக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறையால் வரும் பச்சைப் பிசுக்கு வேறு விஷயம்: கலப்படமில்லாத அசிட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.