ஒரு ஊரின் வானிலையை விடிகாலை நாலு மணிக்குக் கேளுங்கள்

எந்த மாதிரி வானிலை பிடிக்கும் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் பகலைப் பற்றித்தான் பதில் வருகிறது. இளவெயில் பிடிக்கும், மேகமூட்டம் பிடிக்கும், சாரல் பிடிக்கும், எப்போதும் 22 டிகிரியில் இருக்கும் மலை ஊர் பிடிக்கும். எனக்குப் பகல் எப்படி இருந்தாலும் பெரிதாகக் கவலையில்லை. வெயில் 38 டிகிரி அடித்தாலும் சரிதான். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு, அரைத்தூக்கத்தில், கால்மாட்டில் கிடக்கும் போர்வையை என் கை தானாகத் தேடிப் போக வேண்டும். அப்படித் தேட வைக்கிற ஊர்தான் எனக்கு நல்ல ஊர்.

இது சும்மா வந்த ரசனை இல்லை. ஏழு வருடம் கடலோரத்தில் இருந்தேன். அப்புறம் நாலு வருடம் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, வறண்ட சமவெளியில். இப்போது கொஞ்சம் மேட்டு நிலத்தில். மூன்று இடங்களிலும் வாழ்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

கடலோர வீட்டை முதலில் பார்க்கப் போனபோது மாலை ஐந்து மணி. ஜன்னலைத் திறந்ததும் கடற்காற்று முகத்தில் அடித்தது. மேல்மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை, நல்ல வெளிச்சம். வீடு காட்டியவர் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். இரவில் அந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

முதல் கோடையில் தெரிந்துவிட்டது. இரவு பத்தரைக்கு அந்த மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரிச் சுடும். பகல் முழுக்கக் குடித்த வெயிலை கான்கிரீட் அப்போதுதான் நிதானமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டையே வாரி மேலே கொட்டும். தலையணையைத் திருப்பிப் போட்டால் இரண்டு நிமிடம் சில்லென்று இருக்கும், அப்புறம் அந்தப் பக்கமும் சூடாகிவிடும். கழுத்தடியில் வியர்வை ஓடாது, வழியாது, அப்படியே பசையாக நிற்கும். "பகல் வெயிலைக்கூட ஒரு மாதிரி சமாளிச்சிடலாம், இந்த ராத்திரிதான் உசுரை எடுக்குது" என்று அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். வெளியே மாட்டியிருந்த வெப்பமானியில் அப்போது வெறும் 29 தான். அந்த நாளின் உச்சமே 34.

உள்நாட்டு ஊருக்கு மாறப்போகிறோம் என்றதும் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அங்கே 41 போகுமே, எப்படி இருப்பீர்கள் என்றார்கள். 41 போனது உண்மைதான். மதியம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை வெளியே தலைகாட்ட முடியாது, ஜன்னல்களை அடைத்து, திரையை இழுத்துவிட்டு உள்ளேயே கிடப்போம். ஆனால் எட்டரை, ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு பூட்டுத் திறந்த மாதிரி காற்று மாறும். எல்லா ஜன்னல்களையும் திறந்துவிடுவோம். விடிகாலையில் 23 வரை இறங்கும். 41 டிகிரி ஊரில் தூங்கினோம், 34 டிகிரி ஊரில் தூங்கவில்லை. அதற்குப் பிறகுதான் 'இன்றைய வெப்பம்' என்று சொல்லப்படும் அந்த ஒற்றை எண்ணை நம்புவதை விட்டேன்.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தபோது கிடைத்த சொல் பனிநிலை. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதிலிருக்கும் நீராவி துளியாக மாறத் தொடங்கும். அந்த வெப்பநிலைதான் பனிநிலை. காற்றில் நிஜமாகவே எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அது காட்டும். நாம் வழக்கமாகக் கேட்கும் 'ஈரப்பதம் 90 சதவீதம்' என்பது இந்த விஷயத்தில் குழப்பிவிடும். விடிகாலையில் 12 டிகிரியில் 90 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 10. அது சுகமான காற்று. மதியம் 38 டிகிரியில் வெறும் 50 சதவீதம் என்றால் பனிநிலை 26-ஐ நெருங்கும். அது புழுக்கத்தின் உச்சம். சதவீதம் குறைவாகத் தெரிவதால் வறட்சி என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் உடம்பில் சோதித்துப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். பனிநிலை 16-க்குக் கீழே இருந்தால் காற்று இருப்பதே தெரியாது. 20-ஐத் தாண்டினால் சட்டை முதுகில் ஒட்டத் தொடங்கும். 24-க்கு மேல் போனால் மனிதர்களிடம் பேசவே பிடிக்காது. வியர்வை ஆவியாகும்போது லிட்டருக்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. நமக்கு இயற்கை கொடுத்திருக்கும் குளிர்சாதனம் அது. காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருந்தால் அந்த வியர்வைக்குப் போக்கிடம் இல்லை. 2003 ஜூலையில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பனிநிலை 35 வரை போனதாகப் பதிவு இருக்கிறது. நம் தோலின் வெப்பமே ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே அன்று வெளியே நின்றவர்களுக்கு வியர்த்தும் பயன் இருந்திருக்காது.

என் கடலோர இரவுகளுக்கான விடையும் இதே பனிநிலையில்தான் இருந்தது. சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு அனுப்பிக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் சேர்ந்து குளிர்கிறது. ஆனால் பனிநிலையைத் தொட்டதும் நீராவி துளியாகத் தொடங்கும், அப்போது தன்னிடமிருந்த வெப்பத்தை வெளியே விடும். அதனால் குளிர்வது அங்கே கிட்டத்தட்ட நின்றுபோகும். பனிநிலைதான் இரவின் அடித்தளம், அதற்குக் கீழே அவ்வளவு எளிதில் இறங்க முடியாது. பக்கத்திலேயே 29 டிகிரியில் கடல் கிடக்கும்போது பனிநிலை 25, 26 என்றுதான் நிற்கும். இரவும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே மாலை ஆறு மணிக்குப் பனிநிலை என்ன என்று பார்த்தால், வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருக்கும் நாட்களில், விடிகாலை எவ்வளவு இறங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பல மாதங்களாக நான் இப்படித்தான் பார்க்கிறேன், பெரும்பாலும் ஓரிரு டிகிரிக்குள் வந்துவிடுகிறது.

இரவில் தரை இப்படிக் குளிர்வதால்தான் பனி விழுகிறது என்பதைத் தெளிவாக விளக்கியவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். இரவில் தோட்டத்தில் சின்னச் சின்னக் கம்பளிப் பொதிகளை வைத்துவிட்டு, அவற்றில் எவ்வளவு பனி ஏறியிருக்கிறது என்று எடைபோட்டுப் பார்த்திருக்கிறார். 1814-இல் அதை வெளியிட்டார். திறந்த வெளியில் வைத்ததில் அதிகம், மேலே மறைப்பு இருந்ததில் குறைவு. மேகமும் தரைக்கு அப்படி ஒரு மறைப்புதான், மேகம் போர்த்திய இரவு வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். அந்தக் கம்பளிப் பொதிகளைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அத்தனை சந்தோஷம். இரவை உட்கார்ந்து கவனித்த ஒருவர் இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே இருந்திருக்கிறார்!

நம் மொழிக்கும் இரவைக் கவனிக்கத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தவர்கள், மாலை, யாமம், வைகறை என்று மூன்றைச் சூரியன் இறங்கிய பின்னால் வைத்தார்கள். நாளில் பாதி. இன்றைய வானிலைச் செய்தியில் அந்தப் பாதிக்கு என்ன இடம்? 'குறைந்தபட்சம்' என்று ஓரத்தில் ஒரு சின்ன எண். என் கைபேசியில் இருக்கும் செயலியில் பகல் உச்சம் கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறது, இரவு எண் சாம்பல் நிறத்தில் எறும்பு அளவுக்கு. பனிநிலையைப் பார்க்க மூன்று முறை தொட்டு உள்ளே போக வேண்டும். எனக்கு இது உண்மையிலேயே கோபம் வரவழைக்கிற விஷயம். தூங்க முடியுமா, முடியாதா என்பதைச் சொல்கிற எண்ணைத்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

உடம்பும் இரவைத்தான் நம்பியிருக்கிறது. தூங்கும்போது உடலின் உள்வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, விடியலுக்குச் சற்று முன்னால் அடிமட்டத்துக்கு வருகிறது. கை கால் வழியாக வெப்பம் வெளியேறினால்தான் அந்த இறக்கம் நடக்கும். சுற்றிலும் புழுக்கமாக இருந்தால் உடம்பு எங்கே இறக்கி வைக்கும்? 2003 கோடையில் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலைகளில் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். பலர் முதியவர்கள். கூரைக்கு நேர் கீழே இருந்த மேல்மாடி அறைகளில் ஆபத்து அதிகம் இருந்தது. பகலில் பட்ட சூட்டிலிருந்து மீள இரவு கொடுக்க வேண்டிய இடைவெளி அந்த நாட்களில் கிடைக்கவில்லை. அதைப் படித்தபோது அந்த மேற்குச் சுவரும், எழுந்து உட்கார்ந்திருந்த அம்மாவும்தான் நினைவுக்கு வந்தார்கள். 2018 ஜூனில் ஓமானின் குரய்யாத்தில் ஒரு நாள் முழுக்க வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அது அன்றைய குறைந்தபட்சம்.

சரி, அப்படியானால் எப்போதும் வசந்தமாக இருக்கும் ஊர்தானே சிறந்தது என்று கேட்பார்கள். சீனத்தின் குன்மிங், கொலம்பியாவின் மெதெயின் எல்லாம் அப்படித்தான் பெயர் வாங்கியிருக்கின்றன. போய் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் என் மனம் போவது ஈக்குவடாரின் கித்தோ பக்கம். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாதத்துக்கு மாதம் அங்கே வெப்பம் மாறுவதே இல்லை எனலாம், பகலுக்கும் இரவுக்கும்தான் பெரிய வித்தியாசம். காலை வசந்தம், மதியம் கோடை, மாலை இலையுதிர்காலம், இரவு குளிர்காலம் என்று ஒரே நாளில் நாலு பருவத்தையும் பார்த்துவிடலாம் என்பார்கள். வெப்ப மண்டலத்துக்கு இரவுதான் குளிர்காலம் என்று வானிலையாளர்கள் மத்தியில் ஒரு சொல் உண்டு. இத்தனை வருடம் எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அது ஒரே வரியில் சொல்லிவிட்டது. நான் கேட்பது நிலையான வெப்பத்தை அல்ல, ஏற்ற இறக்கத்தை. நாள் முழுக்க ஒரே வெப்பம் என்றால் குளிரூட்டிய அறைக்குள் இருப்பது போலத்தான். வெயிலில் காய்ந்து வந்து குளிரில் ஒடுங்குவதில் ஒரு நிறைவு இருக்கிறது.

பனி கொட்டும் தேசங்கள் எனக்கு ஒத்து வராது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மழையை விட்டுவிட முடியாது. நாலு மணிக்குக் கருத்து, ஒரு மணி நேரம் இடி மின்னலோடு கொட்டி, ஏழு மணிக்குள் வானம் வெளுத்துவிட வேண்டும். அந்த மாதிரி மழைக்குச் சற்று முன்னால் ஒரு குளிர்ந்த காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வரும். மேலே துளிகள் ஆவியாகிக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதிப் பரவுவதுதான் அது. பத்து நிமிடத்தில் எட்டு டிகிரி இறங்கி நான் பார்த்திருக்கிறேன். துணி எடுக்க மாடிக்கு ஓடுகிறவர்கள்கூட ஒரு கணம் நின்று முகத்தைக் காட்டுவார்கள். எனக்குப் பிடிக்காதது அரைகுறை மழை. தரையை நனைத்துவிட்டுப் போய், காற்றும் நின்று, நனைந்த தரையிலிருந்து ஆவி கிளம்பி, வானத்தில் மேகமும் கலையாமல் கிடந்தால் அந்த இரவு வீண். மழை பெய்தும் புழுங்குகிறதே என்று எல்லோரும் சொல்வது அந்த நாளைத்தான்.

ஊரைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஊருக்குள்ளேயே பல வானிலைகள் இருக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டு நிலத்தில் இப்போது இருக்கும் வீடு ஒரு சரிவின் நடுவில் இருக்கிறது. கீழே பள்ளத்தில் இருக்கும் தெருவுக்கு விடிகாலையில் நடந்து போனால், ஒரு வளைவு தாண்டியதும் முழங்காலுக்குக் கீழே மட்டும் குளிர் ஏறுவது தெரியும். இன்னும் நாலு அடி இறங்கினால் மூக்கு சிவக்கும். திரும்பி ஏறினால் மறுபடி இதம். இருநூறு மீட்டர்கூட இருக்காது. அதே மாதிரி, மரங்கள் சூழ்ந்த தெருவும் கான்கிரீட் தெருவும் மதியத்தைவிட இரவு பத்து மணிக்குத்தான் அதிகம் வேறுபடுகின்றன. லண்டன் நகரத்தின் இரவு சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை லூக் ஹோவர்ட் என்ற வானிலை ஆர்வலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து எழுதியிருக்கிறார். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பல நிலப்பகுதிகளில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் பகலின் உச்சத்தைவிட வேகமாக ஏறியிருக்கிறது. நான் நேசிக்கும் அந்த இறக்கம் சுருங்கிக்கொண்டு வருகிறது. எனக்கு இதில் உள்ள வருத்தம் பெரிது.

அதனால் வீடு மாறப்போகிற நண்பர்களிடம் நான் ஒன்றுதான் சொல்கிறேன். பார்க்கப் போனால் இரவு பத்து மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரில் கை வையுங்கள்.

எனக்குப் பிடித்த நாள் எது என்று எண்ணில் கேட்டால் இதுதான்: பகலில் 32, பனிநிலை 14, விடிகாலையில் 17. இன்று மாலை பார்த்தபோது பனிநிலை 15. இப்போது மணி பதினொன்றரை, வானத்தில் மேகம் இல்லை, ஜன்னல் கம்பி லேசாகக் குளிரத் தொடங்கிவிட்டது. போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்திருக்கிறேன்.