மாசம் 92 ரூபாய்க்கு 500 ரூபா

அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடியே எங்க ஹவுஸ் ஓனர் மாடியேறி வந்துருவாரு. கையில சொத்து வரி ரசீது. "தம்பி, வரியை ஏத்திப்புட்டாய்ங்க, நான் என்ன செய்ய? அடுத்த மாசத்துல இருந்து ஒரு ஐநூறு சேத்துக் குடுத்துருங்க."

முத தடவை 2022ல. பாவம் மனுசன்னு நானும் குடுத்தேன். அப்புறம் ஒருநாள் அந்த ரசீதைக் கையில வாங்கிப் பாத்தேன் பாருங்க, வயிறு எரிஞ்சு போச்சு. 600 சதுர அடிக்கு மேல 1,200 வரைக்கும் உள்ள வீட்டுக்கு நம்ம மதுரையில அப்ப ஏறுனது 50 சதவீதம். எங்க போர்ஷனுக்கு அரையாண்டுக்கு 1,100 இருந்தது 1,650 ஆயிருக்கு. வருசத்துக்கு 1,100 கூட. பன்னெண்டால வகுங்க, மாசம் 92 ரூபா! இவரு என்கிட்ட வாங்குறது வருசத்துக்கு 6,000. ஏப்ரல் 30க்குள்ள கட்டுனா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதையும் அவரு விடுறதில்ல. 2024ல 6 சதவீதம் ஏறுச்சு. வருசத்துக்கு முழுசா இருநூறு கூட வராது. அதுக்கும் மாசம் இன்னொரு ஐநூறு!

கேட்டா "இது கார்ப்பரேஷன் லிமிட் தம்பி"ங்குறாரு. என்ன பெரிய லிமிட்? 2011ல 72 வார்டை 100 ஆக்குனப்ப சேத்த ஏரியா எங்களது. பாதாள சாக்கடை இன்னும் தெருவுக்கு வரல. குடிக்கிற தண்ணி வண்டிக்காரர்கிட்ட குடம் 12 ரூபா. வாடகை மட்டும் வெரசா சிட்டிக்கு வந்துருச்சு.

வேற வீடு பாக்க வேண்டியதுதானேன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. ஒத்திக்குப் போகலாம்னா ஆறு லட்சம் கேக்குறாய்ங்க. காலி பண்றப்ப அது முழுசாத் திரும்புமான்னு மீனாட்சிக்குத்தான் வெளிச்சம்.

2016 கடைசியில இருந்து 2022 வரைக்கும் ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது, எலெக்‌ஷனே நடத்தல. பிப்ரவரி 19ல ஓட்டுப் போட்டோம், ஏப்ரல்ல வரி ஏறுச்சு. சரி, இப்பவாச்சும் கேக்க ஆள் இருக்கேன்னு, தெருவுல கழிவுத்தண்ணி தேங்குறதைக் கவுன்சிலர்கிட்ட சொல்லப் போனேன். ரெண்டு மணி நேரம் உக்கார வச்சு ஒரே கேள்வி: "சொந்த வீடா, வாடகையா?" வாடகைன்னேன். "அப்ப ஓனரை வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க." ஓட்டுக் கேட்டு வந்தப்ப ஓனரை எங்கன்னு யாரும் தேடலையேய்யா! அவரு இருக்குறது வேற வார்டு, அவரு ஓட்டும் அங்கிட்டுத்தான்.

நேத்து செப்டிக் டேங்க் நிரம்பி வாசல் வரைக்கும் வந்துருச்சு. லாரிக்காரருக்கு 1,800 ரூபா. ஓனருக்குப் போன் போட்டேன், பாதியாச்சும் குடுங்கண்ணேன்னு.

"குடியிருக்குறது நீங்கதானே தம்பி"ன்னுட்டு வச்சுட்டாரு.