அது காகிதப் பை இல்லை

நேற்றிலிருந்து எல்லாரும் பகிர்கிற அந்த முறுக்குப் பாக்கெட்டைப் பற்றித்தான். பழுப்பு நிறம், இலைப் படம், கீழே "மண்ணுக்குத் தோழன்". நம்ம காரைக்குடிக் கம்பெனி பசுமைக்கு மாறிவிட்டது என்று வாழ்த்து குவிகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

அது காகிதப் பை இல்லை. ஒரு துண்டைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காகிதம் கூழாகி உரியும், உள்ளே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள் முழுசாக நிற்கும். அந்தத் தாள் இருப்பது தப்பில்லை. வெறும் காகிதத்தில் எண்ணெய் கசியும், ஈரக்காற்று ஏறி முறுக்கு நமுத்துப்போகும், சிக்கு வாடை வரும். ஆனால் ஒட்டிய இரண்டையும் பிரிப்பது லேசில்லை. பழைய பேப்பர்க் கடையில் தராசிலேயே வைக்கமாட்டார்கள். கடைசியில் சிமெண்ட் சூளையில் எரியும், இல்லாவிட்டால் குப்பைமேடு. 2022 பிப்ரவரியில் வந்த ஒன்றிய அரசின் விதியிலேயே இது மூன்றாம் வகை, பல அடுக்கு பிளாஸ்டிக். சட்டம் பிளாஸ்டிக் என்கிறதைக் காகிதம் என்று விற்கலாமா?

"விடுங்கண்ணே, முயற்சியாவது பண்றாங்களே" என்கிறீர்கள். முயற்சி என்றால் எல்லா அடுக்கையும் ஒரே வகை பாலித்தீனில் போட்டிருக்க வேண்டும். உருக்கித் திரும்ப எடுக்கலாம். கெடாமல் இருக்கும் நாள் குறையும், உண்மைதான். தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் ஒரே வாரத்தில் விற்றுத் தீர்கிற சரக்குக்கு நாலு மாச ஆயுள் எதற்கு?

மக்கும் கவர் போடலாமே என்பவர்களுக்கு: சோளமாவிலிருந்து செய்கிற பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் மக்க, 58 டிகிரி சூடு நாள்கணக்கில் நிற்கிற உரக்கூடம் வேண்டும். கண்மாய்க் கரையில் வீசினால் அப்படியே கிடக்கும்.

லாரியைப் பற்றி யாருமே பேசவில்லை. நைட்ரஜன் அடைத்து உப்பிய பாக்கெட்டில் லாரி எடை ஏறுமுன் இடம் நிறைந்துவிடும். சென்னை வரைக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல் டீசல் எரித்துக் காற்றைச் சுமக்கிறோம். முறுக்கு நொறுங்காத அளவுக்கு மட்டும் வாயு அடைத்து, அட்டைப்பெட்டியை அதற்கேற்பச் சிறிதாக்கினால் அதே லாரியில் கூடுதல் பெட்டி ஏறும். பக்கத்து ஊர்க் கடைகளுக்குத் தகர டின்னில் அனுப்பலாம். வண்டி எப்படியும் காலியாகத்தானே திரும்புகிறது, காலி டின்னை ஏற்றி வரட்டும். நம்ம ஊர்ப் பலகாரக் கடைகள் டின்னில் வைத்து நிறுத்து விற்றவைதானே.

ரொம்ப வலிப்பது பாக்கெட்டின் முன்பக்கம் இருக்கும் கொட்டான் படம், நம்ம செட்டிநாட்டுப் பனையோலைக் கூடை. ஓலை இடுக்கில் காற்று புகும், முறுக்கு தாங்காது, அதனால் கொட்டானில் அடைத்து விற்கச் சொல்லவில்லை. தீபாவளிப் பரிசுப் பெட்டிக்காவது வெளிக்கூடையாக வாங்கலாமே? புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. சாயமேற்றி, ஓலை கீறி, உட்கார்ந்து முடைகிற ஆச்சிகளுக்கு ஒரு ஆர்டர் கிடையாது. படம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதையும் பிளாஸ்டிக் மேல் அச்சடித்து.