பிரசங்கிக்க யாருக்கு உரிமை? மெதடிஸ்டுகளைச் சுற்றி எழுந்த சண்டை குறித்து

பதினெட்டாம் நூற்றாண்டில், இங்கிலாந்து திருச்சபைக்குள் தோன்றிய எழுப்புதல் இயக்கத்தாரான மெதடிஸ்டுகளுக்கு எழுந்த எதிர்ப்பைப் பற்றிப் பேச நேர்ந்தால், நாம் அதை விசுவாசிகள் பட்ட பாடுகளின் கதையாகச் சொல்கிறோம். இல்லையென்றால் கிருபை, முன்குறித்தல் (இரட்சிக்கப்படுவோரைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்பது), பூரண பரிசுத்தம் என்ற உபதேசங்களைப் பற்றிய வாதமாகச் சுருக்கிவிடுகிறோம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் அந்தக் காலத்துக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படிக்கப் படிக்க, சண்டையின் ஆணிவேர் உபதேசத்தில் இல்லை என்ற எண்ணமே எனக்கு வலுப்படுகிறது. கடவுளைப் பற்றி யார் பேசலாம், எந்த இடத்தில் நின்று பேசலாம், அதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்பதே அங்கே உண்மையான வழக்காக இருந்தது.

1739 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரை அடுத்த கிங்ஸ்வுட்டில், இருபத்து நான்கு வயது மெதடிஸ்ட் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டு திறந்த வெளியில் நின்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கம் செய்தார். நகரத்து ஆலயங்கள் ஒவ்வொன்றாக அவருக்குக் கதவடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. சுரங்கத்திலிருந்து கரி படிந்த முகத்தோடு வந்து நின்றவர்களின் கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடுகளாக வழிந்ததைக் கண்டதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், இயக்கத்தின் தலைவராக விளங்கிய ஜான் வெஸ்லியும் அதே பணியில் இறங்கினார். ஒழுங்கு முறைகளில் ஊறிய ஆக்ஸ்போர்டு குருவான அவர், ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்கள் இரட்சிக்கப்படுவதையே ஏறக்குறைய பாவமாக எண்ணியிருந்தவர். இன்னும் இழிவானவனாக இருக்கச் சம்மதித்தேன் என்று அந்த நாளைப் பற்றி அவரே குறித்திருக்கிறார். சேகர (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள பகுதி) எல்லைகளும் ஆலய ஒழுங்கும் தலைமுறை தலைமுறையாக இருந்தும் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிப் போனவர்கள் அரிது என்ற ஒரு செய்தி போதும், இந்த வழக்கில் நான் யார் பக்கம் நிற்கிறேன் என்பதைச் சொல்ல.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பிரிஸ்டல் பேராயர் ஜோசப் பட்லர் வெஸ்லியை நேரில் சந்தித்தார். பட்லரைச் சாதாரணமானவர் என்று ஒதுக்கிவிட முடியாது. கிறிஸ்தவ விசுவாசத்தை அறிவின் துணைகொண்டு நிலைநாட்டப் பாடுபட்ட, அந்நாளின் மிகக் கூர்மையான சிந்தனையாளர்களுள் ஒருவர் அவர். பரிசுத்த ஆவியின் அசாதாரண வெளிப்பாடுகளும் வரங்களும் தமக்கு உண்டென்று ஒருவர் உரிமை கொண்டாடுவது பயங்கரமான காரியம், மிகவும் பயங்கரமான காரியம் என்று அவர் வெஸ்லியிடம் சொன்னார். இந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்தான் அந்த நாடு உள்நாட்டுப் போரில் கிழிந்து, 1649இல் அரசனின் தலையையே வெட்டியிருந்தது. ஆவி தங்களுடன் நேரடியாகப் பேசுகிறது என்று கிளம்பிய குழுக்கள் அந்தக் குழப்பத்தில் பல இருந்தன. 1739இல் வெஸ்லியின் பிரிஸ்டல் கூட்டங்களிலும் மக்கள் அலறினார்கள், தரையில் விழுந்து துடித்தார்கள். உள்ளத்தில் கேட்கும் குரல் தேவனுடையதா, மனமயக்கமா என்பதை யார் சோதிப்பது என்று ஒரு பேராயர் கேட்டது நியாயமான கேள்விதான். நம் நாட்களின் எழுப்புதல் கூட்டங்களில் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிபவர்கள் இன்னும் சிலர் இருந்தால் நல்லது என்றுகூட நினைக்கிறேன்.

ஆனால் அந்த உரையாடல் எங்கே போய் முடிந்தது என்பதைப் பாருங்கள். உமக்கு இங்கே வேலையில்லை, இந்தத் திருமண்டலத்தில் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதியில்) பிரசங்கிக்க உமக்கு அதிகாரம் அளிக்கப்படவில்லை, இங்கிருந்து போய்விடும் என்பதே பட்லரின் இறுதி ஆலோசனை. வெஸ்லியும் சட்டத்தைக் கொண்டே பதில் சொன்னார்: ஒரு கல்லூரியின் உறுப்பினர் என்ற முறையில் குருப்பட்டம் பெற்ற தமக்கு எந்தக் குறிப்பிட்ட சேகரமும் எல்லையாகாது, திருச்சபையின் எந்தப் பகுதியிலும் தாம் பிரசங்கிக்கலாம் என்றார். ஆவியைப் பற்றித் தொடங்கிய பேச்சு அனுமதியில் வந்து நின்றது. பிறகு வந்த ஏறத்தாழ எல்லாச் சர்ச்சைகளும் இந்தப் பாதையிலேயே சென்றன.

மேட்டுக்குடியினரின் மனநிலையைப் பேராயர்களின் நூல்களைக் காட்டிலும் ஒரு சீமாட்டியின் கடிதம் தெளிவாகக் காட்டிவிடுகிறது. மெதடிஸ்டுகளை ஆதரித்த ஹண்டிங்டன் சீமாட்டி செலினாவுக்கு, பக்கிங்ஹாம் கோமகள் எழுதிய கடிதம் அது. மண்ணில் ஊர்ந்து திரியும் கீழ்மக்களின் இருதயத்தைப் போலவே உங்கள் இருதயமும் பாவம் நிறைந்தது என்று சொல்லக் கேட்பது கொடுமை என்றும், இந்த உபதேசங்களில் மேலோருக்கு மரியாதையின்மை ஊறிக் கிடக்கிறது என்றும் அவர் பொருமியிருக்கிறார். எல்லோரும் பாவிகள் என்பது இங்கிலாந்து திருச்சபையின் சொந்த விசுவாச அறிக்கையிலேயே இருப்பதுதான். அதைக் கூலிக்காரரும் கோமகளும் ஒரே வரிசையில் நின்று கேட்க வேண்டும் என்றபோதுதான் அது பொறுக்கமுடியாததாகிவிட்டது.

கும்பல்களின் வன்முறையிலும் இதுவே தெரிகிறது. 1743 அக்டோபரில் வெட்னஸ்பரியில் வெஸ்லியை ஒரு கூட்டம் பிடித்து, மழையில் நடத்தி, நீதிபதியின் வீட்டுக்கு இழுத்துச் சென்றது. நீதிபதி படுக்கையில் இருந்தார், வெளியே வரவில்லை. என்ன குற்றம் என்று வீட்டிலிருந்து விசாரித்தபோது, இவர்கள் நாள் முழுவதும் சங்கீதம் பாடுகிறார்கள், காலை ஐந்து மணிக்கே ஜனங்களை எழுந்திருக்கச் செய்கிறார்கள் என்று ஒருவன் சொன்னதாக வெஸ்லியின் நாட்குறிப்பு சொல்கிறது. அன்றிரவு அவரை உயிரோடு காப்பாற்றியதும் அந்தக் கூட்டத்தின் தலைவர்களில் சிலர்தான். அடுத்த ஆண்டு, யார்க்‌ஷயரைச் சேர்ந்த கல்தச்சர் ஜான் நெல்சன், பிரசங்கித்த ஒரே காரணத்துக்காகக் கட்டாயப் படைச்சேவைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார். பிரெஞ்சுப் படையெடுப்பைப் பற்றிய வதந்திகள் பரவியிருந்த அதே 1744இல், துரத்தப்பட்டவர்களைத் தேவன் வீட்டுக்குத் திரும்ப அழைக்கவேண்டும் என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகத்து வார்த்தைகளால் ஜெபித்ததற்காக ஜானின் தம்பி சார்லஸ் வெஸ்லி வேக்ஃபீல்டில் நீதிபதிகள்முன் நிற்க வேண்டியதாயிற்று. நாடு கடத்தப்பட்ட ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசனுக்காக அவர் ஜெபித்தார் என்பது புகார். அயர்லாந்தின் கார்க் நகரில் 1749இல் அவரை நாடோடி என்றும் பொது அமைதியைக் கெடுப்பவர் என்றும் நீதிமன்ற ஆவணத்திலேயே எழுதினார்கள்.

பேசும் உரிமை என்ற கேள்வி மெதடிஸ்டுகளின் வீட்டுக்குள்ளும் இருந்தது. 1740களின் தொடக்கத்தில், குருப்பட்டம் இல்லாத தாமஸ் மாக்ஸ்ஃபீல்டு லண்டனில் பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட ஜான் வெஸ்லி, அதைத் தடுக்க விரைந்து திரும்பினார். பட்லர் தம்மிடம் எப்படி நடந்துகொண்டாரோ, அதே வேகம்! அவரைத் தடுத்தவர் தாய் சூசன்னா. அந்த வாலிபனை என்ன செய்கிறாய் என்பதில் எச்சரிக்கையாக இரு, உன்னைப் போலவே அவனும் பிரசங்கிக்கத் தேவனால் அழைக்கப்பட்டவன், நீயே போய்க் கேட்டுப் பார் என்றார் அந்த அம்மையார். வெஸ்லி கேட்டார், பணிந்தார். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தூக்கிச் சுமந்த குருப்பட்டமற்ற பிரசங்கியார் படை இப்படித்தான் உருவாயிற்று.

சூசன்னா அப்படிச் சொன்னதற்குப் பின்னால் முப்பது ஆண்டுப் பழைய சம்பவம் ஒன்று உண்டு. அதில் தமிழ் மண்ணுக்கும் பங்கு இருப்பதை நம்மவர்கள் பலர் அறியமாட்டார்கள். 1711-12 குளிர்காலத்தில் கணவர் சாமுவேல் லண்டனில் இருந்தபோது, தரங்கம்பாடியில் ஊழியம் செய்த சீகன்பால்கு முதலான மிஷனரிகளின் அறிக்கை சூசன்னாவின் கைக்கு வந்தது. அதைப் படித்து உள்ளம் கொதித்த அவர், ஆணாகவோ குருவாகவோ இல்லாவிட்டாலும் தம்மால் இயன்றதைச் செய்ய வேண்டும் என்று துணிந்தார். பிள்ளைகளுக்காக வீட்டில் நடத்திவந்த ஞாயிறு மாலை ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வந்து, கூட்டம் இருநூறைத் தாண்டியது. உதவிக்குரு புகார் எழுத, கணவர் நிறுத்தச் சொல்ல, சூசன்னா எழுதிய பதிலை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. நிறுத்தும்படி விரும்புகிறேன் என்று எழுதாதீர்கள், அது என் மனசாட்சிக்குப் போதாது. நியாயத்தீர்ப்பு நாளில் நான் குற்றமற்றவளாய் நிற்கும்படி, தெளிவான கட்டளையாகவே அனுப்புங்கள் என்றார். அப்போது ஜானுக்கு எட்டு வயது.

உபதேசத்தைப் பற்றிய உண்மையான சண்டை என்றால் அது வெஸ்லிக்கும் விட்ஃபீல்டுக்கும் இடையில் நடந்ததுதான். கிருபை எல்லோருக்கும் உரியது என்று வெஸ்லி 1739இல் பிரசங்கித்து அச்சிட்டார். முன்குறித்தலை நம்பிய விட்ஃபீல்டு பகிரங்கமாக மறுத்து எழுதினார். 1770க்குப் பின், முன்குறித்தலை ஆதரித்த குருவான டாப்ளடி போன்றவர்கள் கையில் அந்த விவாதம் வசவாகவே தாழ்ந்தது. ஆனாலும் விட்ஃபீல்டு அதே ஆண்டில் இறந்தபோது, அவர் விரும்பியிருந்தபடியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். மெதடிஸ்டுகளைக் கத்தோலிக்க வெறியர்களோடு ஒப்பிட்டுக் கடுமையாக நூல் எழுதிய எக்ஸிடர் பேராயர் லாவிங்டனோடும் வெஸ்லி 1762இல் ஒரே திருவிருந்தில் பங்குபெற்று, அதற்காக மகிழ்ந்திருக்கிறார். உபதேச வேறுபாடுகளைத் தாண்ட இவர்களால் முடிந்தது. அதிகாரத்தைப் பற்றிய வேறுபாட்டைத் தாண்ட முடியவில்லை.

அது வெடித்தது 1784இல். விடுதலை பெற்ற அமெரிக்காவில் மெதடிஸ்டுகளுக்குத் திருவிருந்து கொடுக்கக் குருமார் இல்லை. முன்பே லண்டன் பேராயர் லோத் ஒருவருக்குப் பட்டம் தர மறுத்திருந்தார். பட்டம் அளிக்கும் உரிமை பேராயருக்கே என்றிருக்க, எண்பத்தொரு வயது வெஸ்லி, பேராயர் இல்லாமலேயே, பிரிஸ்டலில் இரண்டு பேருக்குக் குருப்பட்டம் அளித்து, தாமஸ் கோக்கைக் கண்காணியாகக் கைவைத்து அனுப்பினார். தம்பி சார்லஸ் உடைந்துபோனார். அண்ணன் கோக்கின் தலையில் கைவைத்தார், அண்ணன் தலையில் கைவைத்தவர் யார் என்று அவர் கவிதையில் கேட்டார். 1788இல் இறந்தபோது, மெதடிஸ்ட் ஆலயத்தில் அன்றி, சேகர ஆலயத்தின் கல்லறையிலேயே தம்மை அடக்கம் செய்யச் சொன்னார். இந்தக் கேள்வி 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் எழுந்தது. மெதடிஸ்ட் குருமாருக்கு மறுபடி பட்டம் கொடுக்காமல் ஆங்கிலிக்கன் குருமாரோடு சமமாக ஏற்றுக்கொண்டதை இங்கிலாந்தில் பலர் கண்டித்தார்கள். நம் பெரியவர்கள் எடுத்தது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சார்லஸை விடவும் எனக்கு மனம் பதைப்பது வேறொரு இடத்தில். 1761இல் டெர்பியில் சாரா கிராஸ்பி என்ற மெதடிஸ்ட் பெண் முப்பது பேரை எதிர்பார்த்துப் போய் இருநூறு பேரைக் கண்டு, வேறு வழியின்றிப் பேசினார். வெஸ்லி அதைத் தடுக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து மேரி போசன்கெட் என்ற இன்னொரு மெதடிஸ்ட் பெண் வேதவசனங்களை அடுக்கி வாதாடியபோது, அசாதாரண அழைப்பு பெற்ற பெண்கள் பேசலாம் என்று ஒப்புக்கொண்டார். வெஸ்லி 1791இல் இறந்தார். 1803இல் மான்செஸ்டரில் கூடிய மெதடிஸ்ட் மாநாடு, பெண்கள் பொதுவாகப் பிரசங்கிக்கக் கூடாது, அழைப்பு உண்டென்று உறுதியாக நம்பும் பெண்ணும் பெண்களிடம் மட்டுமே, அதுவும் அனுமதி பெற்றே பேசவேண்டும் என்று தீர்மானித்தது. பட்லர் வெஸ்லியிடம் கேட்ட அதே அனுமதியை, வெஸ்லியின் பிள்ளைகள் சூசன்னாவின் வழிவந்த பெண்களிடம் கேட்டார்கள். மேரி அதற்குப் பிறகும் மேட்லியில் 1815இல் தாம் இறக்கும்வரை பிரசங்கித்துக்கொண்டே இருந்தார்.