ஓட்டிப் பார்த்துவிட்டு மார்க் போடுங்கள்

அசெட்டோ கோர்சா வரிசையின் மூன்று கார் பந்தய கேம்களையும் ஒப்பிட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி அதையே ஆதாரமாகக் காட்டி, நம் ஞாயிறு ஆன்லைன் பந்தய லீக்கை மொத்தமாக அதில் புதிதான ஈவோவுக்கு மாற்ற வேண்டும் என்று பேச்சு ஆரம்பித்து, "பழசைக் கட்டிக்கிட்டு அழறவங்க ஒதுங்கிக்கலாம்" என்பது வரை போய்விட்டது. அதற்கு இருபது முப்பது பேர் சிரிப்பு வேறு. சொன்னவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. படித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வீடியோவில் நடந்தது என்ன? அசெட்டோ கோர்சா, காம்பெட்டிட்சியோனே, ஈவோ மூன்றையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நிழல் எப்படி, பானெட்டில் வானம் தெரிகிறதா, மரத்துக்கு இலை இருக்கிறதா என்று பார்த்தார்கள். கடைசியில் ஈவோவுக்குப் பத்துக்கு ஒன்பது, பழைய அசெட்டோ கோர்சாவுக்கு இரண்டு. ஓட்டியது கேம்பேடில். ஸ்டீயரிங் வீலை ஒரு காட்சியில்கூட காணோம். ஒரு ரேஸிங் சிமுலேட்டரை ஸ்டீயரிங்கைத் தொடாமல் எடைபோட்டிருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கின மாடி இல்லை. ரோமுக்குப் பக்கத்தில் வல்லேலுங்கா பந்தய மைதானத்தில் உட்கார்ந்து குனோஸ் என்கிற சின்ன நிறுவனம் செய்தது முதல் அசெட்டோ கோர்சா. 2013 நவம்பரில் ஏர்லி ஆக்சஸ் (செய்து முடிக்கும் முன்பே விற்பது), 2014 டிசம்பரில் முழு வெளியீடு. சாலைக் கார், பழைய ஃபார்முலா கார், ரேஸ் கார் எல்லாம் அதில் உண்டு. 1967-இன் லோட்டஸ் 49-ஐயும் ஓட்டலாம், சின்ன அபார்த் 500-ஐயும் ஓட்டலாம். 2019 மே மாதம் முழுதாக வந்த காம்பெட்டிட்சியோனே வேறு வேலைக்கானது. அப்போது பிளாங்பெய்ன் ஜிடி சீரிஸ் என்று இருந்த பந்தயத் தொடரின் அதிகாரபூர்வ கேமாக வந்தது. ஜிடி3 என்கிற வகை ரேஸ் காரை மழையிலும் இருட்டிலும் மணிக்கணக்கில் ஓட்டுவதற்காகச் செய்தது. கேமை இயக்கும் மென்பொருள் எஞ்சினே வேறு, அன்ரியல் 4. ஈவோவுக்கு மறுபடியும் சொந்த எஞ்சினுக்குப் போனார்கள். 2025 ஜனவரியில் அது 20 கார், 5 டிராக்கோடு ஏர்லி ஆக்சஸில் வந்தது. ஆன்லைன் பந்தயம் அப்போது கிடையாது. அந்த நிலையில் இருந்ததை முடிந்துபோன கேமோடு ஒப்பிட்டு ஒன்பது போடுவது ஈவோவுக்கே செய்கிற அநியாயம். நாளைக்கு அது உண்மையிலேயே நன்றாக வந்தால் என்ன மார்க் போடுவீர்கள்?

அப்புறம், எந்த அப்டேட்டை ஒப்பிட்டார்கள்? காம்பெட்டிட்சியோனேயில் முதலில் 27.5 பிஎஸ்ஐ பக்கம் டயர் பிரஷர் வைத்து ஓட்டினோம். 1.9 அப்டேட் வந்ததும் 26, 27-க்குள் இறங்கினோம். காருக்கு அதுவரை வைத்திருந்த பழைய செட்டப் எதுவும் உதவவில்லை. ஒரே கேமுக்குள்ளேயே இவ்வளவு மாறும்போது, வீடியோவில் பதிப்பு எண்கூடச் சொல்லவில்லை.

இத்தாலியின் இமோலா டிராக் மூன்றிலும் இருக்கிறது. அதன் ஆக்வே மினராலி வளைவில் இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வலது பக்கம் திருப்ப வேண்டும், பின்பக்கம் லேசாகிவிடும். அந்த ஒரு வளைவை மூன்றிலும் வீலில் ஓட்டிக் காட்டியிருந்தாலே வித்தியாசம் பேசியிருக்கும். முதல் கேமில் நொடிக்கு 333 தடவை கார் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடுகிறது, காம்பெட்டிட்சியோனேயில் 400. முதலாவதில் ஒரு டயர் ரோட்டைத் தொடுவது ஒரு புள்ளியில், மற்றதில் பிறகு ஐந்து புள்ளி ஆக்கினார்கள். டிராக் ஓரத்து மேடான கெர்பில் ஏறும்போது அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். அங்கே காம்பெட்டிட்சியோனேதான் மேல், அதை நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். மழையிலும் அப்படித்தான். கார்கள் போய்ப் போய் ஒரு கோடு மட்டும் காய்வதும், அதை விட்டு அரை அடி விலகினால் வழுக்குவதும், அதைப்போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கை முதல் கேமில் ஓட்டிப் பாருங்கள். 20.8 கிலோமீட்டர், 2015-இல் லேசர் ஸ்கேன் செய்து கொடுத்தது. கருசெல் வளைவில் இடது சக்கரங்களை அந்தச் சாய்ந்த கான்கிரீட்டில் இறக்கியதும், பலகைக்குப் பலகை இணைப்பு தட்டுவது வீல் வழியாக மணிக்கட்டு வரை வரும். வெளியேறும்போது கார் மேலே எகிறும், அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை நேராக்காமல் விட்டால் தடுப்பில்தான். இது எந்த ஸ்க்ரீன்ஷாட்டிலும் தெரியாது.

என் சித்தி மகன் வீல் அலைன்மென்ட் கடையில் வேலை செய்கிறான். கேம் பக்கமே வராதவன். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது நான் பழைய அசெட்டோ கோர்சாவில் செட்டப் திரையைத் திறந்து வைத்திருந்தேன். கேம்பர், டோ என்று சக்கரக் கோணங்களைப் பார்த்ததும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "பின்னாடி டோவை வெளியே தள்ளு. இப்ப பிரேக் பிடிச்சுப் பாருண்ணே, வால் ஆட்டும்" என்றான். சொன்னபடியே முதல் வளைவில் கார் சுற்றியது. "முன்னாடி கேம்பரை இன்னும் கொடு, உள்பக்கம் சூடேறும் பாரு" என்றான். டயர் ஆப்பில் உள்பக்கச் சூடு ஏறியது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் கையில் ஸ்பேனரோடு செய்கிற வேலையை ஒரு கம்ப்யூட்டர் மதித்துக் கணக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்தான். அந்தக் கேமுக்கு இரண்டு மார்க்.

"அதில் மழையே இல்லையே, ராத்திரியே இல்லையே" என்பார்கள். உண்மை, குனோஸ் விற்றபோது இல்லை. கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்று வெளியாட்கள் செய்த கூடுதல் மென்பொருளை, அதாவது மாடை, போட்டால் ராத்திரி வரும், மழையும் வரும். "மாட் எல்லாம் கணக்கில் சேராது" என்று அடுத்த வாதம் வரும். ஏன் சேராது? வெளியாகிப் பத்து வருஷம் தாண்டியும் ஒரு கேம் உயிரோடு இருப்பதே அதனால்தானே? வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தூக்கத்தை விட்டு, சேட்டிலைட் படத்தைப் பார்த்துப் பார்த்து டிராக்கை வரைந்து இலவசமாகக் கொடுக்கிறவர்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்கள், பானெட்டில் தெரிகிற மேகத்துக்கு மட்டும் மார்க் போடுவீர்கள்.

அடுத்து ஒன்று சொன்னார்கள், அதுதான் மனசில் தைத்தது. "புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்க முடியாதவன் பேசற பேச்சு இது." முடியாதுதான், இப்போதைக்கு முடியாது. நம் லீக்கில் பாதிப் பேருக்கு முடியாது. அண்ணன் கழித்துவிட்ட கம்ப்யூட்டரில், செகண்ட் ஹேண்ட் வீலைச் சாப்பாட்டு மேஜையில் மாட்டிக்கொண்டு ஞாயிறு தவறாமல் வந்து, ஒருத்தரையும் இடிக்காமல் ஓட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். சுத்தமாக முந்துவது எப்படி என்று அவர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம். அவர்களை ஒதுங்கச் சொல்ல இவர்கள் யார்? லீக்கை ஆரம்பித்தபோது யாரிடமும் கம்ப்யூட்டர் பில்லைக் கேட்டோமா?

ஈவோவில் தனியாக ஒரு லீக் நடக்கட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வசதி வந்ததும் நானும் வருகிறேன். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் போட்ட மார்க்கைக் காட்டிப் பழைய லீக்கை மூடக் கூடாது. மூடித்தான் தீருவோம் என்றால் சர்வரை என் வீட்டு மெஷினிலேயே போட்டு ஞாயிறு ராத்திரி வழக்கமான நேரத்துக்கு நான் நடத்துகிறேன். முதல் பந்தயம் இமோலா. வருகிறவர்கள் கீழே கார் பெயரைப் போடுங்கள்.