6 இருக்கைகளும் ஒரு வீட்டோவும்

"5.5 லட்சம் பேர் இருக்கிற நாடு, 45 கோடிப் பேரின் முடிவை ஒரே ஆளாக நிறுத்தி வைக்கலாமா?" 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் தீவு நாடு மால்டா. அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஐரோப்பாவின் பெரிய நாட்டுக்காரர்கள் மட்டுமல்ல, இங்கே மால்டாவில் என்னோடு வேலை பார்க்கும் நம் ஊர் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். நிறுத்தி வைக்கலாம், வீட்டோ என்கிற அந்த உரிமை இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அந்த உரிமையை இந்த நாடு எதற்காகச் செலவழித்தது என்று பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

மால்டாவின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 720 இடங்களில் இதற்கு 6, ஜெர்மனிக்கு 96. தலைக்கணக்குப் போட்டால் இங்கே சுமார் 93,000 பேருக்கு ஓர் உறுப்பினர், ஜெர்மனியில் 8.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒருவர். அநியாயம்போலத் தோன்றும். ஆனால் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலில் மக்கள்தொகையையும் எண்ணி முடிவெடுக்கும் விஷயங்களில் மால்டாவின் எடை ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம்தான். வரி, வெளியுறவு, புது நாடுகளைச் சேர்ப்பது என்று எல்லோரும் ஒப்பினால்தான் நடக்கும் என்றிருக்கும் சில விஷயங்களில் மட்டும்தான் அது மற்றவர்களுக்குச் சமம்.

இந்தச் சமத்துவத்தின் மதிப்பு தெரிய 1956-க்குப் போக வேண்டும். அப்போது மால்டா பிரிட்டனின் காலனி. தொழிலாளர் கட்சியின் பிரதமர் டொம் மின்டோஃப், மால்டாவைப் பிரிட்டனோடு முழுமையாக இணைத்துவிடலாம் என்று பொது வாக்கெடுப்பு நடத்தினார். லண்டன் நாடாளுமன்றத்தில் 3 இடம் என்பது பேச்சு. வாக்களித்தவர்களில் 77 சதவீதம் பேர் சம்மதம் சொன்னார்கள். ஆனால் எதிர்த்தவர்கள் புறக்கணித்ததால் வாக்களித்தது 59 சதவீதம் பேர்தான். பேச்சுவார்த்தை இழுத்தடித்துக் கடைசியில் முறிந்தது. மின்டோஃப் சுதந்திரக் கோரிக்கைக்குத் திரும்பினார். 1964-இல் சுதந்திரம் வந்தது. அன்று இணைப்பு நடந்திருந்தால் இன்று மால்டா, அறுநூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் அவையில் 3 பேரை உட்கார வைத்திருக்கும் ஒரு மூலைத் தொகுதி. ஒரு நாடாக மேசையில் உட்கார்ந்து "எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்ல வழியே இருந்திருக்காது.

2003-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது பற்றி இன்னொரு வாக்கெடுப்பு வந்தது. இம்முறை அதே தொழிலாளர் கட்சிதான் எதிர்த்தது. 91 சதவீதம் பேர் வாக்களிக்க, 53.6 சதவீதம் ஆதரவு கிடைத்தது. மொத்த வாக்காளர்களில் இது பாதிகூட இல்லை என்று அக்கட்சியின் தலைவர் ஆல்ஃப்ரெட் சான்ட் வாதாடினார். அடுத்த மாதமே பொதுத்தேர்தல் வைத்து மறுபடியும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 2004 மே 1-இல் சேர்ந்தார்கள். அந்த சான்ட் பின்னாளில் 10 ஆண்டுகள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவரோடு எதிர்ப்புப் பிரசாரம் செய்த ஜோசப் மஸ்கட்டும் 2004-இல் அங்கே போனவர், 2013-இல் பிரதமர் ஆனவர். இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எதிர்த்தவர்களுக்கும் அந்த அவையில் இடம் கிடைத்தது நல்லதுதான்.

மஸ்கட் அரசு 2014-இல் குடியுரிமையை விற்கத் தொடங்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2020-இல் திருத்திய விதிப்படி 6 லட்சம் யூரோ கொடுத்தால் 3 ஆண்டில், 7.5 லட்சம் கொடுத்தால் ஓர் ஆண்டில் குடியுரிமை கிடைத்தது. இதற்கு மேல் வீட்டுக்கும் நன்கொடைக்கும் தனிச் செலவு. கையில் கிடைத்தது மால்டா பாஸ்போர்ட், ஆனால் விலை அதற்கல்ல. 27 நாடுகளிலும் வாழலாம், தொழில் செய்யலாம் என்பதற்குத்தான் அந்த விலை. மற்ற 26 நாடுகளின் கதவுச் சாவியையும் சேர்த்து விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் ஃபிளாட் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டு அங்கே வசிக்காமலே காலத்தைக் கழித்ததைச் செய்தியாளர்கள் 2021-இல் வெளிக்கொண்டு வந்தார்கள். அதே தீவில், வருடா வருடம் அனுமதி அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு உணவு டெலிவரி செய்கிறவர்களும் முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. 2025 ஏப்ரல் 29-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இந்தத் திட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தபோது நான் மனதார மகிழ்ந்தேன்.

இந்த வியாபாரத்தைப் பற்றி விடாமல் எழுதியவர்களில் ஒருவர் மால்டாவின் செய்தியாளர் டாஃப்னி கருவானா கலிசியா. 2017 அக்டோபர் 16 அன்று காரில் வைத்த குண்டு வெடித்து இறந்தார். அப்போது அவர்மேல் 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் இருந்தன. தலைநகர் வலெட்டாவில் நீதிமன்றத்துக்கு நேர் எதிரே 'பெரிய முற்றுகை' நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் அடியில் மக்கள் அவர் படத்தையும் பூவையும் மெழுகுவத்தியையும் வைப்பார்கள், அரசு ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், மறுநாள் மறுபடியும் பூ வந்துவிடும். இது மாதக்கணக்கில் நடந்தது. அப்படி அகற்றியது கருத்துரிமையை மீறியது என்று 2020 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. இந்தக் கொலை விவகாரத்தில் மக்கள் தெருவில் திரண்டு போராடியதற்குப் பின் மஸ்கட் பதவி விலகியதும் அதே மாதம்தான்.

அதோடு முடியவில்லை. எழுதுகிறவர்களை வழக்குப் போட்டே வாயடைக்கும் பழக்கத்துக்கு எதிராக ஒன்றியம் 2024-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை டாஃப்னி சட்டம் என்றே அழைக்கிறார்கள். நாடு விட்டு நாடு தொடரும் சிவில் வழக்குகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்றாலும், ஒரு தீவின் வேதனை டென்மார்க் தவிர 26 நாடுகளுக்குமான சட்டமாகியிருக்கிறது. சின்ன நாட்டால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். 2022-இலிருந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவராக இருக்கும் ரொபெர்டா மெட்சோலாவும் மால்டாக்காரர்தான். அது பெருமைதான், இருந்தாலும் எனக்கு இதற்கு அடுத்தபடியே.

இன்னொரு பக்கம், இந்த ஒன்றியமும் மால்டாவுக்கு நியாயமாக நடக்கவில்லை. கடலில் தேடி மீட்கும் பொறுப்பாக மால்டாவுக்கு இருப்பது ஏறக்குறைய 2.5 லட்சம் சதுர கிலோமீட்டர், நிலப்பரப்பைப் போல சுமார் 800 மடங்கு. லிபியாவிலிருந்து ரப்பர் படகுகள் வருவது அந்த வழியாகத்தான். முதலில் கால் வைக்கும் நாடே புகலிட மனுவைப் பார்க்க வேண்டும் என்ற விதியை எழுதியவர்களில் பலருக்கு அந்தக் கடல் எட்டாத தூரம். அதற்காக, 2018 ஜூனில் அக்வேரியஸ் என்ற மீட்புக் கப்பலில் இருந்த 629 பேரை இத்தாலியும் மால்டாவும் இறக்கவிடாமல் ஸ்பெயின்வரை அலையவிட்டதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். கப்பலில் இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் துணைக்குப் பெரியவர் யாருமில்லாத சிறுவர்கள்.

2026 ஜூனிலிருந்து பொருந்தும் ஒன்றியத்தின் புதிய குடியேற்ற ஒப்பந்தத்தில், ஆட்களை ஏற்க விரும்பாத நாடு ஆளுக்கு 20,000 யூரோ கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். மால்டா சண்டை போட வேண்டிய இடம் இதுதான். ஆனால் அது வீட்டோவை இறுக்கிப் பிடித்திருப்பது வரிக்காக. ஏட்டில் 35 சதவீத நிறுவன வரி, வெளிநாட்டுப் பங்குதாரருக்குத் திருப்பிக் கொடுத்தபின் மிஞ்சுவது 5 சதவீதம். யாரோ வெளிநாட்டு முதலாளியின் லாபத்துக்குக் காவல் நிற்கவா இந்த உரிமை? வரியில் இறங்கி வாருங்கள், பதிலுக்குக் கடலில் மீட்கப்படுகிறவர்களை எல்லா நாடுகளும் பங்கிட்டு ஏற்பதை, பணம் கட்டித் தப்பிக்க வழியில்லாமல் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டு இருக்கும் மால்டா நண்பர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.