பொட்டைக் குட்டியா? வேண்டாம் சார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பகம் நடத்தும் நண்பருக்குத் துணையாக ஒரு தத்தெடுப்பு முகாமில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு குட்டிகள், எல்லாம் நாட்டு நாய். சாயங்காலம் கடையைக் கட்டும்போது அட்டைப் பெட்டியில் ஐந்து மிச்சம். ஐந்தும் பெண். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குட்டியைத் தூக்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை, வாலுக்குக் கீழேதான் பார்த்தார்கள். "பொட்டையா? வேண்டாம் சார், குட்டி போட்டுத் தொலைக்கும்." மிஞ்சிய ஐந்தில் இரண்டு கறுப்பு. அவற்றைத் தூக்கிப் பார்க்கக்கூட ஆளில்லை.

திரும்பி வரும் வழியில் நண்பர், "தத்தெடுத்தால் கையில் ஐயாயிரம் என்று அரசாங்கம் அறிவித்தால் போதும், காப்பகமே காலியாகிவிடும்" என்றார். காலியாகும்தான். மூன்றாவது மாதம் அந்த நாய்களில் பாதி ஏதாவது சுங்கச்சாவடி ஓரத்தில் நிற்கும். ரொக்கம் கொடுத்தால் ரொக்கத்துக்காக வருபவர்கள்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள். ஆனால் சலுகையே கூடாது என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை.

"சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. நானும் அதை நம்பியவன்தான். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, கட்டணம் கட்டிப் பூனை வாங்கிப்போனவர்களையும் இலவசமாக வாங்கிப்போனவர்களையும் ஒப்பிட்டது. பூனை மீதான பாசத்தில் இரண்டு தரப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதே வருடம் அங்கே நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவும் வந்தது. செல்லப்பிராணிச் செலவில் 3,500 டாலர் வரை வருமான வரிக் கழிவு கேட்டது. நிறைவேறவில்லை. நிறைவேறாததில் எனக்கு வருத்தமும் இல்லை. காசு கொடுத்து ஜாதி நாய் வாங்கியவருக்கும் அதே கழிவு என்றால் காப்பகத்து நாய்க்கு அதனால் என்ன லாபம்?

ஜெர்மனியில் நாய் வளர்க்க வரி உண்டு. அங்கே பல ஊர்களில் காப்பகத்திலிருந்து எடுத்த நாய்க்குக் கொஞ்ச காலம் அந்த வரி இல்லை. நம் சிம்லாவில், தெருநாயைத் தத்தெடுப்பவர்களுக்குக் குப்பைக் கட்டணம் தள்ளுபடி, வண்டி நிறுத்த இடம் இலவசம் என்று மாநகராட்சி அறிவித்தது. மலையூரில் வண்டி நிறுத்த இடம் என்பது லேசுப்பட்ட பரிசு இல்லை. சென்னையில் இதைச் சொன்னால் நானே நாலு நாய் எடுப்பேன்.

தத்தெடுக்கும் அன்றைக்கு ஆகும் செலவு யாருக்கும் பெரிதல்ல. பின்னால் வருவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. எங்கள் வீட்டு ராணி இரண்டரை வயதில் காப்பகத்திலிருந்து வந்தவள். ஒரு பைசா வாங்காமல் கொடுத்தார்கள். வந்த ஆறாவது வாரம் உண்ணிக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், நாலு வாரம் மாத்திரை. பில் 8,000 ரூபாயைத் தாண்டியது. அந்த மாதம் வாடகைக்கு மச்சானிடம் கை நீட்டினேன். கையில் அதுவும் இல்லாதவர் என்ன செய்வார்? நாயைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் பணத்தைக் கையில் தர வேண்டாம், பில்லைக் கட்டுங்கள் என்கிறேன். அதையும் எல்லா நாய்க்கும் அல்ல, யாரும் எடுக்காத நாய்க்கு. பெண் குட்டியை எடுத்தால், "குட்டி போடுமே" என்ற பயம் போகும்படி கருத்தடை அறுவை சிகிச்சையும் முதல் வருட ஊசிகளும் மாநகராட்சி பொறுப்பு. வளர்ந்த நாயை எடுத்தால் இரண்டு வருடம் மருத்துவச் செலவில் பாதி.

இது தர்மம் இல்லை, கணக்கு. சென்னையில் 2018-இல் சுமார் 57,000 தெருநாய்கள் எண்ணப்பட்டன. 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.81 லட்சம். அவற்றில் கருத்தடை ஆனவை கால்வாசியை ஒட்டித்தான். இன்று யாரும் எடுக்காத பெண் குட்டி தெருவுக்குப் போனால், அதையும் அதன் குட்டிகளையும் பிடித்து அறுவை சிகிச்சை செய்யும் செலவு எப்படியும் மாநகராட்சி தலையில்தான். வீட்டு நாய்க்கு உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று சொல்லத் தெரிகிறது. வெறும் பிரம்பு மட்டும் போதுமா?

சரி, ஏமாற்றினால்? உரிமத்துக்காக நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற குட்டி அடையாளச் சில்லைப் பொருத்துகிறார்கள் அல்லவா, அதை இங்கேயும் பயன்படுத்தலாம். ஒரு வருடம் கழித்து நாயோடு வந்து சிப்பைக் காட்டினால் சொத்து வரியில் ஒரு சிறு கழிவு.

இந்த இடத்தில் என் மனைவி கேட்டாள்: "நாமே வாடகை வீடு. நமக்கு ஏது சொத்து வரி?" நியாயம்தான். ராணியோடு வீடு தேடியபோது, "நாய் இருக்கா? அப்போ சரிப்படாது" என்று ஏழு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். அப்படியானால் அந்தக் கழிவைத் தத்தெடுத்த நாயோடு குடிவைக்கும் வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். நாய்ப் பாசம் இல்லாதவருக்கும் வரிக் கழிவின் மேல் பாசம் இருக்கும்.

அந்த ஐந்தில் மூன்றுக்கு வீடு கிடைத்துவிட்டது. கறுப்பிகள் இரண்டு பேரும் இன்னும் நண்பரின் மொட்டை மாடியில்தான் இருக்கிறார்கள். இரண்டு ஊசி போட்டாயிற்று. கருத்தடைச் செலவு என்னுடையது. எடுக்க நினைப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டு.